எரிக் கார்லின் எந்தப் புத்தகத்தை முதலில் வாங்கலாம்? ஆறு புத்தகங்கள், ஓர் ஒப்பீடு

குழந்தைக்கு, படப்புத்தக எழுத்தாளரும் ஓவியருமான எரிக் கார்லின் புத்தகம் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்த பிறகுதான் குழப்பமே தொடங்குகிறது. அவர் படம் வரைந்த புத்தகங்கள் எழுபதுக்கும் மேல். அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம்போலத் தெரியும். வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு பூச்சி அல்லது விலங்கு, தூரிகை ஓடிய தடம் தெரியும் பளீர் நிறங்கள். உள்ளே போனால் ஒவ்வொன்றும் வேறு வயதுக்கு உரியது, வேறு விதமாக வாசிக்க வேண்டியது, வேறு விதமாகக் கிழியக்கூடியது.

கார்ல் 1929இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரில் பிறந்தார். ஆறு வயதில் பெற்றோருடன் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டுக்குப் போய், போர்க்காலம் முழுவதும் அங்கே வளர்ந்தார். 1952இல் அமெரிக்கா திரும்பினார். 2021 மே மாதம், 91 வயதில் காலமானார். தம் புத்தகங்கள் பாதி பொம்மை, பாதி புத்தகம் என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவது குழந்தைக்குப் பெரிய அதிர்ச்சி, அந்த இடைவெளிக்குப் பாலம் போடுவதே தம் நோக்கம் என்றும் சொன்னார். வீட்டில் கையில் இருப்பது பொம்மை, பள்ளியில் கைக்கு வருவது புத்தகம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்றைத்தான் அவர் செய்துவந்தார்.

வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். கார்லின் வாசகங்கள் மிகக் குறைவு. மீதிக் கதையைத் தாள்தான் சொல்கிறது. ஒரு துளை, ஒரு மடிப்பு, விரலில் தட்டுப்படும் ஒரு கோடு, கடைசிப் பக்கத்தில் ஒரு சத்தம். தவறான பதிப்பை வாங்கினால் கதையில் பாதி கைக்கு வராமலே போகும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் கை. துளை கண்ட இடத்தில் எல்லாம் விரலை நுழைக்கும் கையா, பக்கத்தைப் பிடித்து இழுக்கும் கையா, மடிப்பைப் பொறுமையாக விரிக்கத் தெரிந்த கையா? வயதை இதற்குப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் வரி. கார்லின் புத்தகங்கள் பலவற்றுக்கும் அதுதான் முதுகெலும்பு. மூன்றாம் வாசிப்பிலேயே குழந்தை அந்த வரியை நம்மோடு சேர்ந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புத்தகம் இன்னும் அந்தக் குழந்தைக்குச் சீக்கிரம்.

மூன்றாவது, தாளில் செய்திருக்கும் வேலைப்பாடு எது, அது எங்கே முதலில் பழுதாகும் என்பது. மறைமுகச் செலவுகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நான்காவது, தமிழில் வாய்விட்டு வாசித்தால் நிற்குமா? ஆங்கில வரியைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்பவர்கள் இதை வாங்கும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, எத்தனை ஆண்டு உழைக்கும். சில புத்தகங்கள் ஒன்றரை வயதில் உச்சத்தைத் தொட்டு மூன்று வயதில் முடிந்துவிடும். சில, நான்கு வயதில் வேறொரு புத்தகமாக மாறும்.

| புத்தகம் | முதலில் வந்த ஆண்டு | பொருந்தும் வயது | கைக்கு என்ன வேலை | முதலில் பழுதாவது |
|---|---|---|---|---|
| பசித்த புழு | 1969 | 1 முதல் 5 | துளையில் விரல், குறுகிய பக்கங்கள் | குறுகிய பக்கங்களின் அடிப்பகுதி |
| பழுப்புக் கரடி | 1967 | 9 மாதம் முதல் 3 | சுட்டிக்காட்டல் மட்டும் | அட்டையின் மூலைகள் |
| வேலையில் மூழ்கிய சிலந்தி | 1984 | 1½ முதல் 5 | மேலெழுந்த வலையைத் தடவுதல் | வலையின் கோடு |
| சத்தமில்லாத சுவர்க்கோழி | 1990 | 3 முதல் 6 | கடைசிப் பக்கத்தைத் திறத்தல் | பேட்டரி |
| சிடுசிடுப்பான பொறிவண்டு | 1977 | 4 முதல் 7 | அளவு மாறும் பக்கங்கள், கடிகாரம் | சிறிய பக்கங்கள் |
| அப்பா, நிலா வேண்டும் | 1986 | 3 முதல் 6 | மேல், கீழ், பக்கவாட்டில் விரித்தல் | மடிப்பின் முனை |

தமிழ்ப் பெயர்கள் இந்தக் கட்டுரையின் வசதிக்காக வைத்தவை. கடையில் கேட்கும்போது ஆங்கிலத் தலைப்பையே சொல்லுங்கள்.

## பசித்த புழு (தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்)

ஒன்றே ஒன்றுதான் வாங்குவது, குழந்தையைப் பற்றி அதிகம் தெரியாது என்றால் இதுதான். புகழ் பெற்றது என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறில் இது ஒன்றுதான் ஒரு வயதுக் கைக்கும் ஐந்து வயது மூளைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கிறது.

பிறந்த கதையே இதன் அமைப்பை விளக்கிவிடும். துளையிடும் கருவியால் ஒரு கட்டுத் தாளைக் குத்திக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் துளைக்கும் புழு ஒன்று கார்லின் நினைவுக்கு வந்தது. வில்லி என்ற புழுவின் ஒரு வாரம் என்று கதை எழுதினார். பதிப்பாசிரியர் ஆன் பெனெடூஸ், மண்புழு போன்ற ஒன்றைவிட வண்ணத்துப்பூச்சியாக மாறும் புழு நன்றாக இருக்கும் என்றார். தமிழில் இரண்டும் புழுதான். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் மாறியதும் கதைக்கு ஒரு முடிவு கிடைத்தது. அளவு மாறும் பக்கங்களையும் துளைகளையும் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட்டுத் தர அமெரிக்காவில் அச்சகம் அமையவில்லை. கடைசியில் ஜப்பானில் அச்சானது.

மொத்தமே 224 ஆங்கிலச் சொற்கள். நான்கு நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை, 1, 2, 3, 4, 5 என்று பழங்கள். பக்கங்களும் அப்படியே அகலமாகிக்கொண்டே போகும். சனிக்கிழமை பத்துத் தின்பண்டங்கள் ஒரே வரிசையில். பழங்கள் 15, சனிக்கிழமையில் 10, ஆக 25 தின்பொருள்களை எண்ணலாம். நான்கு வயதுக்காரர்கள் இதை எண்ணியே தீர்வார்கள், விடாதீர்கள்.

தமிழில் வாசிப்பவருக்கு இந்தப் புத்தகம் அழகான வசதி ஒன்றை வைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் முட்டையின் மேல் நிலா. அடுத்து சூரியன் எழும் காலை, அது ஞாயிற்றுக்கிழமை. தின்னத் தொடங்கும் நாள் திங்கட்கிழமை. ஞாயிறு என்றால் சூரியன், திங்கள் என்றால் நிலா. கிழமையின் பெயரை அழுத்திச் சொல்லிப் படத்தில் விரலை வைத்தால், வாரம் என்பது வானத்திலிருந்து வந்தது என்று குழந்தைக்குச் சொல்லாமலே தெரியும்.

இன்னொரு வசதியும் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் புழு பட்டுப்பூச்சிபோல நூல்கூடு கட்டாது; அதன் தோலுக்கு அடியில் உருவாகும் கெட்டியான உறைக்குள் மாறும். ஆங்கில மூலம் நூல்கூட்டைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தியதால் அறிவியல் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்கிறார்கள். தமிழில் 'கூடு' என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும். பெரிய குழந்தை கேட்டால் 'கூட்டுப்புழு' என்ற சொல்லையும் அறிமுகப்படுத்தலாம்.

சனிக்கிழமைப் பட்டியலில் சலாமி, பிக்கிள், சுவிஸ் சீஸ் எல்லாம் வரும். பழக்கமான தின்பண்டப் பெயரை அதற்குப் பதில் வைத்து வாசிக்க வேண்டாம். படம் வேறு, சொல் வேறு என்றானதும் குழந்தை நம்மை நம்பாது. பெயரை அப்படியே சொல்லி நகருங்கள். அந்த வரிசையின் இன்பம் வேகத்தில் இருக்கிறது, பொருளில் இல்லை.

வயிற்றுவலிப் பக்கம் பற்றி ஒரு வார்த்தை. அந்த வலியைச் சேர்க்கச் சொல்லிப் பதிப்பாளர் வற்புறுத்தியதாகவும், கார்ல் அதை எதிர்த்ததாகவும் அவர் சொன்னது போல ஒரு வசனம், அவர் இறந்த வாரத்தில் உலகம் முழுவதும் சுற்றியது. அது 2015இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழ் வேடிக்கைக்காக வெளியிட்ட கற்பனைப் பேட்டியில் வந்தது. உண்மையில் இந்தக் கதையை அவர் நம்பிக்கையின் கதையாகத்தான் பேசினார்: சிறியவர் யாரும் வளரலாம், சிறகு விரிக்கலாம் என்று. உணவு ஒழுக்கம் கற்பிக்க இதை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். குழந்தைக்குப் பிடித்த பக்கம் சனிக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை இலை இல்லை.

பழுதாகும் விதம்: தாள் பதிப்பில் திங்கட்கிழமைப் பக்கம் மிகக் குறுகலாக இருப்பதால், குழந்தை அதை மூலையில் கிள்ளி இழுக்கும், முதுகுப் பக்கம் கிழியும். பக்கத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்துத் திருப்பக் காட்டிக்கொடுங்கள். ஒரு வயதுக்காரருக்குத் தாள் பதிப்பே வேண்டாம், பக்கங்களே கெட்டி அட்டையாக இருக்கும் பதிப்பு வாங்குங்கள்.

## பழுப்புக் கரடி (பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டு யூ சீ?)

இதன் வாசகம் கார்லுடையது இல்லை. எழுதியவர் பில் மார்ட்டின் ஜூனியர். விளம்பரம் ஒன்றுக்காகக் கார்ல் செய்திருந்த சிவப்புச் சிங்கி இறால் ஒன்றைப் பார்த்துவிட்டு அவரைத் தேடிப் போனார் மார்ட்டின். குழந்தைகளுக்கான படப் புத்தகத்தில் கார்லின் வாழ்க்கை தொடங்கியது அங்கேதான். கார்லின் சொற்களையும் சேர்த்துத் தேடுபவர்கள் இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் புத்தகமாக, ஒன்பது மாதக் குழந்தைக்கு, இதைவிடத் தெளிவான படங்கள் கிடைப்பது அரிது. பக்கத்துக்கு ஒரே விலங்கு, ஒரே நிறம், வெற்று வெள்ளைப் பின்னணி. நீலக் குதிரையும் ஊதாப் பூனையும் இயல்பில் இல்லாதவை என்று தயங்க வேண்டாம். ஷ்டுட்கார்ட்டில் கார்லின் ஓவிய ஆசிரியர் ஒருவர், நாஜிகள் தடை செய்திருந்த ஓவியங்களை அவருக்கு ரகசியமாகக் காட்டினார். நீலக் குதிரை அந்த வழியில் வந்தது. பிற்காலத்தில் ஃப்ரான்ஸ் மார்க் என்ற ஓவியரின் நீலக் குதிரைகளை வணங்கி 2011இல் தனியாக ஒரு புத்தகமே செய்தார்.

தமிழில் வாசிக்கும்போது ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் பதிலிலும் அடுத்த பக்கத்து விலங்கின் பெயர் வருகிறது. ஆங்கில வாக்கியத்தில் அது நடுவில் வரும். தமிழில் இயல்பாகச் சொன்னால் 'சிவப்புப் பறவை' என்று வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அப்புறம் வினைச்சொல் வரை காத்திருந்து பக்கத்தைத் திருப்பினால் குழந்தையின் ஆர்வம் இறங்கிவிடுகிறது. 'சிவப்பு...' என்று இழுத்து நிறுத்தி, பக்கத்தைத் திருப்பிய பிறகு 'பறவை!' என்று முடியுங்கள். இப்படி வாசித்தால் மூலத்தைவிட நன்றாகவே நடக்கும்.

மறைமுகச் செலவு, பெட்டித் தொகுப்பு. இதே அச்சில் துருவக் கரடி (1991, ஒலிகள்), பாண்டா (2003, அழியும் நிலையிலுள்ள விலங்குகள்), குட்டிக் கரடி (2007) என்று மூன்று உண்டு. நான்கும் ஒன்றாக விற்கும். ஒன்றைப் பிடித்த குழந்தைக்கு மற்ற மூன்றும் தேவை என்று பொருளில்லை. மூன்று வயதுக்குள் நான்கின் ஆயுளும் ஒன்றாக முடியும். துருவக் கரடியை மட்டும் வேண்டுமானால் பிறகு சேருங்கள்.

## வேலையில் மூழ்கிய சிலந்தி (தி வெரி பிஸி ஸ்பைடர்)

ஆறில் அதிகம் பேசப்படாதது, எங்கள் கணிப்பில் அதிகம் உழைப்பது. பண்ணை வேலிக்கம்பத்தில் ஒரு சிலந்தி காலையில் வந்து இறங்குகிறது. குதிரை, மாடு, செம்மறி, வெள்ளாடு, பன்றி, நாய், பூனை, வாத்து, சேவல் என ஒவ்வொன்றாக வந்து கூப்பிடும். அது பதிலே சொல்லாது, நூற்றுக்கொண்டே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் வலை வளரும், அந்தக் கோடு தாளின் மேல் எழுந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் கதையைப் பின்தொடரலாம். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கு வாங்குவதென்றால் ஆறில் இதைத் தவிர வேறு வேண்டாம். ஒன்பது அழைப்புகளையும் கடந்து, கடைசியில் ஈ மாட்டுகிறது. அந்த ஈயும் விரலுக்குத் தட்டுப்படும்.

பேசாத நாயகி என்பதால், கூச்சம் மிகுந்த குழந்தைகளும் பேச்சு தாமதமான குழந்தைகளும் இதில் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். மற்ற புத்தகங்களில் குழந்தை வரியைச் சேர்ந்து சொல்ல வேண்டும். இதில் வலையைத் தடவினாலே போதும், அதுவும் சேர்ந்து வாசிப்பதுதான்.

தமிழில் இரண்டு இடம் சிக்கும். செம்மறியும் வெள்ளாடும் நமக்கு இரண்டுமே ஆடு, இரண்டுமே 'மே' என்று கத்தும். குரலில் வேறுபடுத்துங்கள், ஒன்றைத் தடித்த குரலில், ஒன்றைக் கீச்சென்று. இரண்டாவது, ஆந்தை. இரவில் வந்து வலையைப் புகழும் ஆந்தை கேட்கும்போது சிலந்தி தூங்கிவிட்டிருக்கும். தமிழ் மரபில் ஆந்தை அலறும். இங்கே அலறினால் தூங்கவைக்க வாசித்த வாசிப்பு வீணாகும். மெல்லிய 'ஹூ' போதும். மற்ற விலங்குகளுக்குக் கனைப்பு, குரைப்பு, உறுமல், கூவல் என்று நம் மரபுச் சொற்களை ஒரு சுற்று பழக்கிக்கொடுக்க இது அருமையான இடம்.

வாங்கும் முன் நடுப் பக்கம் ஒன்றைத் திறந்து, கண்ணை மூடி, விரலை ஓட்டிப் பாருங்கள். கோடு தட்டுப்படவில்லை என்றால் அந்தப் பிரதி வேண்டாம். பழையது வாங்கினால் இன்னும் கவனம் தேவை, ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துக் கோடு தேய்ந்திருக்கும். வீட்டில் வந்த பிறகும் உலர்ந்த மென்துணியே பயன்படுத்துங்கள். மற்ற புத்தகங்களின் அடியில் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

## சத்தமில்லாத சுவர்க்கோழி (தி வெரி குவயட் கிரிக்கெட்)

புதிதாய்ப் பிறந்த சுவர்க்கோழிக்குச் சத்தம் வரவில்லை. சந்திக்கும் பூச்சிகள் எல்லாம் வணக்கம் சொல்ல, அது இறக்கையைத் தேய்த்துப் பார்க்கும், ஒன்றும் வராது. கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் உண்மையிலேயே சத்தம் வரும். முதல் முறை அதைக் கேட்கும் குழந்தையின் முகத்துக்காகவே இதை வாங்குபவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆண் சுவர்க்கோழி இறக்கைகளை உரசித்தான் ஒலி எழுப்பும் என்பதால் அறிவியலும் சரி.

ஆனால் கதை முழுவதும் அந்த ஒரு ஒலிக்காகக் காத்திருக்கிறது. பேட்டரி தீர்ந்த நாளில் முடிவே இல்லாத கதையாகிவிடும். அதனால் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒலிக்கருவி உள்ள பதிப்புதானா, பேட்டரி மாற்றக்கூடியதா, அதன் மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா. பொத்தான் வடிவ லித்தியம் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் இந்தப் புத்தகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். கடைசிப் பக்கம் முழுதாகப் படியாமல் வளைந்திருந்தால் கருவி அணையாமல் பேட்டரியைத் தின்னும். வாசித்ததும் அழுத்தி மூடி, அலமாரியில் இறுக்கமாக நிறுத்துங்கள். 1995இல் வந்த தனிமை மின்மினிப் புத்தகத்துக்கும் இதே எச்சரிக்கை, அதில் ஒலிக்குப் பதில் ஒளி.

பெயர்களில் ஒரு சிக்கல். கதையில் சுவர்க்கோழியும் வருகிறது, மரத்தில் இருந்து கத்தும் சில்வண்டும் வருகிறது. இரண்டையும் சில்வண்டு என்றே சொல்லிப் பழகியவர்கள் நாயகனுக்குச் சுவர்க்கோழி என்ற பெயரை முதலிலேயே நிலைநிறுத்திவிடுங்கள். கும்பிடுபூச்சி, வெட்டுக்கிளி, தும்பி எல்லாம் தமிழில் அழகாக அமையும். நுரைக்குள் வாழும் ஒரு பூச்சி வரும், அதற்கு 'நுரைப்பூச்சி' என்று சொன்னால் போதும். பெரிய அந்துப்பூச்சி எதுவும் பேசாமல் பறந்துபோகும் பக்கத்தில் நாமும் சற்று நிறுத்த வேண்டும். அந்த அமைதி இல்லாமல் கடைசிச் சத்தம் பாதிதான் கேட்கும்.

## சிடுசிடுப்பான பொறிவண்டு (தி க்ரவுச்சி லேடிபக்)

முதலில் ஒரு பொறி. அமெரிக்காவில் இதன் பெயர் க்ரவுச்சி லேடிபக், பிரிட்டனில் பேட் டெம்பர்டு லேடிபர்டு. இரண்டும் ஒரே புத்தகம். இணையத்தில் தேடி இரண்டையும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

அசுவினி என்னும் குட்டிப் பூச்சிகள் நிறைந்த ஓர் இலை. பகிர்ந்துகொள்ள மனமில்லாத ஒரு பொறிவண்டு, அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி, மணிக்கு ஒரு விலங்காகச் சண்டைக்கு இழுக்கும். குளவியில் தொடங்கித் திமிங்கிலம் வரை பன்னிரண்டு. விலங்கு பெரிதாகப் பெரிதாகப் பக்கமும் எழுத்தும் பெரிதாகும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கடிகாரம். மாலை 5 மணிக்குத் திமிங்கிலம் பதிலே சொல்லாது, அங்கிருந்து கால் மணி, அரை மணி, முக்கால் மணி என்று நேரம் நுணுக்கமாகும். 6 மணிக்குப் பொறிவண்டு வால் வீச்சில் பறந்து, பழைய இலைக்கே வந்து விழும்.

மணி பார்க்கக் கற்பிக்கும் பாடத்திட்டமே இதில் அடுக்கியிருக்கிறது: முதலில் முழு மணிகள் மட்டும், கடைசியில்தான் கால் மணிகள். அட்டையில் வெட்டி நடுவில் ஊசியால் இணைத்த முள்கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் குழந்தையையே முள்ளைத் திருப்பச் சொல்லுங்கள். முதல் வாரம் சிறிய முள்ளை மட்டும் பேசுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் திமிங்கிலம் வரும்போது குழம்பிவிடும்.

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இது வேண்டாம். கடிகாரம் இன்னும் அவர்களுக்குப் பொருளாகாது. மிஞ்சுவது பன்னிரண்டு முறை சண்டைக்குக் கூப்பிடும் வாசகம் மட்டுமே. அதை வீட்டில் திரும்பச் சொல்லத் தொடங்குவார்கள். பெரிய குழந்தைக்கு அதே வாசகம் சிரிப்பு, ஏனென்றால் எதிரி 'சரி வா' என்றதும் பொறிவண்டு பின்வாங்குவது புரிந்துவிடும். புதிதாகத் தம்பியோ தங்கையோ வந்து, எதையும் பங்கு கொடுக்க மறுக்கும் ஐந்து வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமானது கார்லிடம் இல்லை.

## அப்பா, நிலா வேண்டும் (பாப்பா, ப்ளீஸ் கெட் த மூன் ஃபார் மீ)

மோனிகா என்ற சிறுமி நிலாவைக் கேட்கிறாள். அப்பா நீண்ட ஏணியைக் கொண்டுவரும்போது பக்கம் இருபுறமும் விரியும், ஏணியில் ஏறும்போது மேல்நோக்கி விரியும், முழுநிலா ஒரு பெரிய தாளாக விரியும். நிலா தேய்ந்து கைக்கு அடங்கும் அளவானதும் அப்பா எடுத்துவருகிறார். வளர்பிறை, தேய்பிறை என்ற சொற்களைப் பாடமாக இல்லாமல் கதையாகத் தர இது நல்ல வழி.

விரிக்க இடம் வேண்டும். படுத்துக்கொண்டு, மடியில் வைத்து வாசிக்கும் புத்தகம் இல்லை. தரையில் வையுங்கள். விரிப்பது பெரியவர், மடிப்பது இருவரும் என்று தொடக்கத்திலேயே பழக்குங்கள். தப்பான திசையில் மடித்த ஒரு முறையிலேயே புது மடிப்பு விழுந்து, அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும். இரண்டு குழந்தைகள் ஒன்றாக வாசிக்கும் வீட்டில் இது நீடிக்காது. ஒற்றைக் குழந்தை, இரவில் ஒரு பெரியவர் கூட இருப்பார் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

## எந்தப் பதிப்பு

கெட்டி அட்டைச் சிறு பதிப்பு, பெரிய கட்டுப் பதிப்பு (உறை மட்டும் கெட்டி), மெல்லிய தாள் பதிப்பு என்று பெரும்பாலும் மூன்று கிடைக்கும். மூன்று வயது வரை கெட்டி அட்டை. அதற்குப் பிறகு பெரிய கட்டு. மெல்லிய தாள் பதிப்பு விலை குறைவு என்பதைத் தவிர வேறு காரணத்துக்காக வாங்க வேண்டாம், குறிப்பாகத் துளையும் மடிப்பும் உள்ள கதைகளில்.

பெரிய கட்டுக்கு நாங்கள் சாய்வது படங்களுக்காக. கார்ல் மெல்லிய டிஷ்யூ தாள்களில் அக்ரிலிக் வண்ணம் பூசி, நிறவாரியாக இழுப்பறைகளில் சேர்த்து வைத்து, தேவையான வடிவத்தில் வெட்டி ஒட்டினார். அந்தப் புழுவின் உடம்பு ஒரே பச்சை இல்லை. அதில் மஞ்சள், கரும்பச்சைத் தூரிகைக் கோடுகள் ஓடும். சிறு பதிப்பில் இவை நெருங்கி மங்கும். வீட்டில் தாளுக்கு வண்ணம் பூசி வெட்டி ஒட்டிப் பார்க்க நினைக்கும் குழந்தைக்குப் பெரிய பக்கமே ஆசிரியர்.

இன்னொரு கவனம். கார்லின் புத்தகங்களின் உரிமை 2019இல் பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் வசம் போனது. அவருடைய படங்களை எடுத்துக் கோத்த எண்கள் புத்தகம், நிறங்கள் புத்தகம், வாழ்த்துப் புத்தகம் என்று பலவும் சந்தையில் உள்ளன. பரிசாகக் கொடுக்க அழகானவைதான். ஆனால் அவற்றில் கார்ல் அமைத்த கதை ஓட்டமோ பக்க வேலைப்பாடோ இருக்காது. உரிமைப் பக்கத்தைத் திறந்து முதல் வெளியீட்டு ஆண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். பசித்த புழு என்ற பெயரில் துளையே இல்லாமல் கறுப்பு வட்டம் மட்டும் அச்சிட்ட பிரதி கைக்கு வந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## யாருக்கு எது

ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பழுப்புக் கரடி, கெட்டி அட்டையில். ஒன்றரை முதல் மூன்று வரை பசித்த புழுவும் சிலந்தியும் போட்டியிடும். ஓடியாடிப் பேசும் குழந்தைக்குப் புழு, தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அமைதியான குழந்தைக்குச் சிலந்தி. உட்காரவே மாட்டேன் என்பவருக்கு இந்த ஆறில் எதுவும் வேண்டாம். 1997இல் வந்த 'ஃப்ரம் ஹெட் டு டோ' வாங்குங்கள், ஒவ்வொரு விலங்கோடும் தலையைத் திருப்பி, கையை ஆட்டி, காலை உதைத்துக்கொண்டே வாசிக்கலாம். வகுப்பறைக்கு வாங்குபவர்கள் பெரிய கட்டில் புழு, கூடவே பொறிவண்டு. சுவர்க்கோழியை வகுப்புக்கு வாங்கினால் ஒரு பருவத்துக்குள் பேட்டரி போய்விடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நிலா, வீட்டுப் புத்தகம்.

## கிழிந்தால்

சாதாரண ஒட்டுநாடாவைத் தொடாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை கசியும், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாடாவின் விறைப்பான ஓரத்திலேயே புதுக் கிழிசல் விழும்.

தாள் பக்கத்துக்கு, நார் நீளமான மெல்லிய ஜப்பானியத் தாளை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கையால் கிழித்தெடுங்கள். கத்தரியால் வெட்ட வேண்டாம், கிழித்த ஓரத்தின் நார்தான் தாளோடு கலந்து மறையும். கோதுமை மாவுச்சத்துப் பசையை மிக மெல்லியதாகத் தடவி, கிழிசலின் இரு விளிம்பையும் பொருத்தி, மேலே ஒட்டுங்கள். மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, தட்டையான பாரத்தின் அடியில் ஓர் இரவு விடுங்கள். மடிப்பு உள்ள பக்கமாக இருந்தால் மடிக்காமல் விரித்த நிலையிலேயே உலர வேண்டும். கெட்டி அட்டையின் மூலை அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால், வெள்ளைப் பசையைக் குச்சியால் அடுக்குகளுக்கு இடையே நுழைத்து, கசிந்ததைத் துடைத்து, உலரும் வரை கவ்வியால் இறுக்கி வையுங்கள். துளையின் விளிம்பில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த பசை குழந்தையின் விரலைக் கீறும்.